மணல் கடிகாரக் கோயிலுக்கு ஆறு நாள்

நாள் 1: ஜெனோவா

மிலானில் விமானம் இறங்கி, ரயில் பிடித்து, ஜெனோவாவின் பியாட்சா பிரின்சிபே ஸ்டேஷனில் வந்து நின்றபோது சாயங்காலம் ஆறரை. அறை நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் துணி காயப்போடுவது கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. இந்த ஊரின் பழைய பகுதியில் சந்துகள் அப்படித்தான், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

எதற்காக வந்தேன் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 1973இல் வெளிவந்த ஒரே ஒரு ஆல்பத்துக்காக. முசேயோ ரோசன்பாக் என்ற குழு, இந்த லிகூரியா கடற்கரையின் மேற்குக் கோடியில், சான்ரெமோ, போர்திகேரா பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து உருவாக்கியது. ஆல்பத்தின் பெயர் ‘ஜரதுஸ்த்ரா’. ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரே இசைக்கோவை, மறுபக்கம் மூன்று பாட்டு, அவ்வளவுதான். வந்தது, விற்கவில்லை, குழு கொஞ்ச காலத்தில் கலைந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்த இசைத்தட்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது, ஜப்பானில் மறுபதிப்பு வந்தது, சேகரிப்பவர்கள் அசல் பிரதிக்குப் பெரிய விலை கொடுத்தார்கள், இன்று இத்தாலிய ப்ரோக்ரெசிவ் ராக்கில் (நீண்ட இசைக்கோவைகளாக விரியும் ராக் வகை) கேட்டே ஆக வேண்டிய ஐந்தாறு ஆல்பங்களைச் சொல்லச் சொன்னால் யார் பட்டியலிலும் இது இருக்கும்.

எனக்கு இது கல்லூரி விடுதியில் கிடைத்தது. ஒரு சீனியர் எரித்துக் கொடுத்த சிடியில், பெயர் தப்பாக எழுதியிருந்த ஒரு ஃபைல். மொழி புரியவில்லை, ஆனால் கடைசி எட்டு நிமிடம் கேட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

2012இல் அந்தக் குழு மறுபடி சேர்ந்தது. பாடகர் ஸ்தேஃபானோ கலிஃபி, டிரம்ஸ் ஜான்கார்லோ கோல்ட்ஸி, இசையமைத்த ஆல்பர்டோ மொரேனோ, இந்தப் பழைய மூன்று பேரும் இளையவர்கள் சிலரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, எல்லோரும் ஒன்றாக வாசித்து, மறுபடி பதிவு செய்தார்கள். அதை நான் பல வருடம் கேட்கவே இல்லை. கேட்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். இருபது வயதில் செய்ததை அறுபது வயதில் தொடக்கூடாது என்பது அப்போது என் எண்ணம். போன வருடம் சித்தப்பாவால் அது மாறியது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

நாள் 2: ரப்பாலோ, ட்ஸோவாலி

ஜெனோவாவிலிருந்து மேற்கே போக வேண்டிய நான் இன்று கிழக்கே போனேன். காரணம் நீட்சே. ஆல்பத்துக்குப் பெயரும் கருவும் கொடுத்த ‘இவ்வாறு பேசினான் ஜரதுஸ்த்ரா’ என்ற அவருடைய புத்தகத்தின் முதல் பாகத்தை அவர் எழுதியது இந்தக் கரையில்தான், 1882-83 குளிர்காலத்தில், ரப்பாலோவில். குளிரும் மழையுமான அந்தக் காலத்தில் கடலை ஒட்டிய ஒரு சின்ன விடுதியில் தங்கியிருந்தார், அலைச் சத்தத்தில் இரவில் தூக்கமே வராது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். காலையில் பைன் மரங்களுக்கு நடுவே ட்ஸோவாலி போகும் மேட்டுப் பாதையில் நடப்பார், உடம்பு இடம் கொடுத்தால் மத்தியானம் சாந்தா மார்கரீத்தாவிலிருந்து போர்தொஃபீனோ வரை விரிகுடாவைச் சுற்றுவார். அந்த நடைகளில்தான் முழுதும் தோன்றியது என்கிறார். எழுதி முடித்தது பத்து நாளில்.

நானும் அந்த ட்ஸோவாலி பாதையில் நடந்தேன். இப்போது அது கார் போகும் சாலை, வளைவுகளில் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கீழே கடல் ஒரேயடியாகத் திறந்துகொள்கிறது. காதில் 1973 பதிவைப் போட்டுக்கொண்டேன். முதல் பகுதி ‘கடைசி மனிதன்’ மெதுவாக, கிட்டத்தட்டத் தயங்கித் தயங்கித் தொடங்கும். கலிஃபியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். அவரை ‘லூப்போ’ என்று கூப்பிடுகிறார்கள், ஓநாய் என்று அர்த்தம், ஒரு தடவை கேட்டால் ஏன் என்று புரிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். ஜெர்மானியத் தத்துவவாதி ஒருவர் தலைவலியோடும் பாதிக் குருடோடும் இந்தக் கரையின் கிழக்குப் பக்கம் நடந்து ஒன்றை எழுதுகிறார். சரியாகத் தொண்ணூறு வருடம் கழித்து இதே கரையின் மேற்குப் பக்கத்துப் பையன்கள் அதை எடுத்து மின்சார கிடாரிலும் மெல்லோட்ரானிலும் வாசிக்கிறார்கள். வரிகளை எழுதியவர் மௌரோ லா லூச்சே, ஜெனோவாவின் டெலிரியம் குழுவுக்கும் எழுதியவர். அந்தப் பக்கத்துக் காற்று இல்லாமல் இது நடந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

மெல்லோட்ரான் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த ஆல்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு. யாரோ என்றோ வாசித்த வயலின் கூட்டம், யாரோ பாடிய கோரஸ், அதில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், எட்டு வினாடியில் முடிந்துவிடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டு வந்துவிடும். அதனால் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே இருக்க முடியாது. விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்த மூச்சு வாங்கல்தான் அதன் அழகு.

சித்தப்பா விஷயம். என் சித்தப்பா மிருதங்கக்காரர், கும்பகோணம் பக்கம், பக்கவாத்தியமாகவே வாழ்நாளைக் கழித்தவர். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது நான் இந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், என்னடா இது என்று ஒரு காதை வாங்கிக்கொண்டார். முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, “மறுபடி பாடியிருக்காங்கன்னு சொன்னியே, அது எங்க?” என்றார். நான் கேட்கவில்லை என்றேன், காரணமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பெரிய வித்வான் ஒருத்தர் இருபது வயசுல பாடின தோடியை எழுபது வயசுல பாடினா நீ எழுந்து போயிடுவியா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. நம் கச்சேரியில் பாட்டு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது, அந்த ஒரு பதிவுதான் பாட்டு என்று யாரும் நினைப்பதில்லை. ராக் கேட்கும்போது மட்டும் எனக்கு ஏன் தட்டுதான் பாட்டு என்று தோன்றியது?

ட்ஸோவாலியில் ஸ்டேஷனுக்கு எதிரேயே கடற்கரை. கூழாங்கல். காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ரயில் ஏறினேன்.

நாள் 3: வியா தெல் காம்போ

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், போர்தா தெய் வாக்கா என்ற கோட்டை வாசலைத் தாண்டினால் தொடங்கும் தெரு இது. பாடகர் ஃபாப்ரிட்ஸியோ தே ஆந்த்ரேயின் பாட்டால் இத்தாலி முழுக்கத் தெரிந்த தெரு. என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, பிளாக் விடோ ரெக்கார்ட்ஸ். கடையும் அதுதான், வெளியீட்டு நிறுவனமும் அதுதான்.

இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தேன். விரல் நுனியெல்லாம் தூசி. ஜெனோவாவின் வரிசை ஒன்றே போதும், நியூ ட்ரோல்ஸ், டெலிரியம், லாத்தே எ மியேலே, கரிபால்தி. 1970களின் தொடக்கத்தில் இந்தத் துறைமுக ஊர் எப்படி இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் பெற்றெடுத்தது என்று வியப்பாக இருக்கிறது.

வாங்கியது ஒன்றுதான். இல் தெம்பியோ தெல்லே கிளெஸ்ஸிதிரே என்ற குழுவின் 2010ஆம் ஆண்டு ஆல்பம். பெயருக்கு அர்த்தம் ‘மணல் கடிகாரங்களின் கோயில்’, ஜரதுஸ்த்ரா இசைக்கோவையின் கடைசிப் பகுதிக்கு இருக்கும் அதே பெயர். ஜெனோவாவின் இளைஞர்கள், தாங்கள் நேசித்த பழைய ஆல்பத்தின் ஒரு துண்டைத் தங்கள் குழுவுக்கே பெயராக வைத்து, அதைப் பாடிய கலிஃபியையே கூட்டி வந்து முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கலிஃபி பழைய நண்பர்களோடு மறுபடி சேர்ந்தது இதற்குப் பிறகுதான். கேட்டுவிட்டுப் போகாமல் திரும்பி வந்து வேலை செய்த ரசிகர்கள் இவர்கள், எனக்கு இவர்கள்மேல் ரொம்ப மரியாதை.

ஜரதுஸ்த்ரா ஏன் அன்று விற்கவில்லை என்று நேற்று படித்த ஒரு நண்பர் கேட்டிருந்தார். பெரிய காரணம் அட்டை. கறுப்புப் பின்னணியில் பல படங்களை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு முகம், அந்தத் துண்டுகளில் ஒன்று முசோலினியின் மார்பளவுச் சிலை. கூடவே நீட்சே, ‘அதிமனிதன்’ என்று ஒரு பகுதி. 1973 இத்தாலியை நினைத்துக்கொள்ளுங்கள், 1969இல் மிலானில் பியாட்சா ஃபொந்தானா வங்கியில் குண்டு வெடித்து, தெருவில் இடதும் வலதும் அடித்துக்கொண்டிருந்த காலம். இந்த வகை இசையைக் கேட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். ஃபாசிஸ்ட் குழு என்று முத்திரை விழுந்தது, வானொலி ஒதுக்கியது. வரிகளைப் படித்தால் அதில் கட்சி அரசியலே இல்லை. இயற்கையோடு இணங்கி, தன்னைத் தானே கடந்து வாழும் மனிதனைத்தான் தேடுகிறது. யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை. இருபத்தோரு வயதில் உயிரைக் கொடுத்துச் செய்ததை ஊர் இப்படித் தப்பாக எடுத்துக்கொண்டால் எப்படி இருந்திருக்கும்? எனக்கு இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொரு குறை உண்டு, அதை ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். 1973 பதிவின் ஒலி கலங்கலாக இருக்கும். டிரம்ஸ் எங்கோ பின்னறையில் வாசிப்பது போலிருக்கும், கிடாரும் ஆர்கனும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். நான் அந்தக் கலங்கலையும் சேர்த்தே காதலித்தவன். ஆனால் வாசித்தவருக்கு அது வேறு விஷயம். தான் அடித்த அடி தனக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால் நாற்பது வருடம் அது முள்ளாக இருக்காதா? ரோமின் பாங்கோ தெல் முத்துவோ சொக்கோர்சோ கூட 1972இல் வந்த தங்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களை 1991இல் முழுதுமாக மறுபடி பதிவு செய்தார்கள். ஆக இது ஒரு குழுவின் கிறுக்கு இல்லை.

மத்தியானம் ஒரு சந்துக்கடையில் ஃபரினாட்டா சாப்பிட்டேன். கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேக வைத்து வெட்டித் தருகிறார்கள். மேலே மொறுமொறுவென்று, உள்ளே குழைந்து. மிளகு தூவிக்கொண்டேன். இரண்டு துண்டு கேட்டவன் நான்கு சாப்பிட்டேன்.

நாள் 4: ரயில், சான்ரெமோ

காலை ரயில் ரத்து. வேலைநிறுத்தம். அடுத்ததற்கு மூன்று மணி நேரம். ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபொக்காச்சா என்ற எண்ணெய் ரொட்டி தின்றேன், காப்பியில் தொட்டுச் சாப்பிடும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நானும் தொட்டுப் பார்த்தேன், உப்பும் எண்ணெயும் காப்பியும் நன்றாகத்தான் சேருகிறது.

ஜெனோவாவை விட்டு வந்ததும் ரயில் கடலோடு ஒட்டி ஓடுகிறது, சுரங்கம், கடல், சுரங்கம், கடல் என்று. ஆனால் சான்ரெமோ நெருங்கும்போது மலைக்குள் போய்விடுகிறது. 2001இல் பழைய கடலோரப் பாதையை எடுத்துவிட்டு உள்ளே புதிதாகப் போட்டார்கள். சான்ரெமோ ஸ்டேஷனே பூமிக்கு அடியில்தான், நடைமேடையிலிருந்து வெளியே வர நீளமான சுரங்க நடைபாதை, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து நடந்து கடைசியில் வெயிலில் வந்து விழுந்தேன்.

சான்ரெமோ என்றால் இத்தாலியர்களுக்குப் பாட்டுத் திருவிழா. 1951இல் கசினோவில் தொடங்கியது, 1977 முதல் அரிஸ்டன் தியேட்டரில். அந்தத் தியேட்டர் வாசலில் போய் நின்றேன். கடைத்தெரு நடுவில் சாதாரண சினிமாக் கொட்டகை மாதிரிதான் இருக்கிறது.

இங்கே ஏன் நின்றேன் என்றால் கோல்ட்ஸிக்காக. ஜரதுஸ்த்ரா விழுந்த பிறகு அவர் டிரம்ஸை விட்டுவிடவில்லை. 1975இல் ஜெனோவாவில் மாத்தியா பஸார் என்ற பாப் குழுவில் ஒருவராகச் சேர்ந்தார், பாடகி அந்தோனெல்லா ருஜ்ஜெரோ. 1978இல் இந்த மேடையில் அவர்கள் முதல் பரிசு வாங்கினார்கள். 1979இல் இத்தாலிக்காக யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போனார்கள். ஆட்கள் மாறினார்கள், பாடகிகள் மாறினார்கள், 2002இல் இதே மேடையில் மறுபடி முதல் பரிசு. இரண்டு தடவையும் பின்னால் டிரம்ஸில் இருந்தது ஒரே ஆள். தொடக்கம் முதல் கடைசி வரை அந்தக் குழுவில் நிலைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

என் அறை வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். மாத்தியா பஸார் என்றதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார், இரண்டு வரி பாடியே காட்டினார். முசேயோ ரோசன்பாக் என்றேன். “மியூசியமா? வில்லா நோபெல் பக்கம் இருக்குதே, அதுவா?” என்றார். (டைனமைட் நோபெல் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது, 1896இல் இங்கேதான் இறந்தார்.) அந்தக் குழுவின் டிரம்மர் இதே ஊர்ப் பையன் என்று அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அவருக்கு ரொம்ப ஆச்சரியம். சமையலறையில் நின்றபடியே என் ஃபோனில் மூன்று நிமிடம் கேட்டார். முகத்தைப் பார்த்தால் பிடித்ததா என்று தெரியவில்லை, ஆனால் கலிஃபி உச்சத்துக்குப் போகும் இடத்தில் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார்.

ராத்திரி பழைய ஊரான லா பீஞ்ஞாவுக்குள் ஏறி இறங்கினேன். பைன் காய் செதில் மாதிரி அடுக்கடுக்காக வீடுகள். இந்தச் சந்துகளில் எங்கோ 1970 வாக்கில் இல் சிஸ்தேமா என்ற பையன்கள் குழு ஒன்று ஒத்திகை பார்த்திருக்கும். அது உடைந்து, ஒரு பகுதி முசேயோ ரோசன்பாக்கில் போய்ச் சேர்ந்தது, இன்னொரு பகுதியிலிருந்து செலெஸ்தே என்ற குழு வந்தது, புல்லாங்குழலும் மெல்லோட்ரானுமாக அவர்கள் பாதை தனி. ஒரு சின்னக் கடற்கரை ஊரிலிருந்து இரண்டு. இதைப் படிக்கிறவர்கள் செலெஸ்தேயின் 1976 ஆல்பத்தையும் தேடிக் கேளுங்கள், அதிகாலைக்கு ஏற்ற இசை.

நாள் 5: பழைய தண்டவாளம், போர்திகேரா

தண்டவாளத்தை எடுத்த அந்தப் பழைய கடலோரப் பாதை இப்போது சைக்கிள் பாதை, இருபத்து நான்கு கிலோமீட்டர். வாடகைச் சைக்கிளில் ஒஸ்பெதாலெத்தி வரை போனேன். இடது பக்கம் கடல், பழைய ரயில் சுரங்கங்களுக்குள்ளேயே சைக்கிள் விடலாம். சுரங்கத்துக்குள் நுழையும்போது 2012 பதிவைப் போட்டேன். முழுதாக, நிறுத்தாமல் கேட்க வேண்டும் என்று இந்த இடத்துக்காகவே வைத்திருந்தேன்.

என் காதுக்குக் கேட்டதைச் சொல்கிறேன். முதலில் ஏமாற்றம்தான். எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஒவ்வொரு வாத்தியமும் தனியாகத் தெரிகிறது, பழைய புகை மூட்டம் இல்லை. நான் தேடிய அந்த விடுதி அறை அதில் இல்லை. பிறகு கலிஃபி பாட ஆரம்பித்தார். 1973இல் அவர் பாடும்போது இன்னும் நடக்காத ஒன்றைப் பார்த்துப் பயந்த பையன் கேட்கிறது. 2012இல் குரலில் சரளை ஏறியிருக்கிறது, சில வார்த்தைகளைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார், சிலவற்றை இறுக்கிப் பிடிக்கிறார். ‘நேற்றைய ராஜா’ என்ற பகுதியை இருபது வயதுக்காரர் பாடுவதற்கும் அறுபது வயதுக்காரர் பாடுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும், அந்தத் தலைப்புக்குரிய ஆளாகவே அவர் ஆகிவிட்டார். பழைய பதிவில் ராஜாவைப் பற்றிக் கதை சொன்னவர், இதில் ராஜாவாகவே பேசுகிறார்.

கடைசிப் பகுதியான மணல் கடிகாரக் கோயிலில் வார்த்தையே கிடையாது. ஆரம்பத்தில் மெதுவாக வந்த அந்த மெட்டு திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு படி உயர்ந்து வந்துகொண்டே இருக்கும். அதில் கோல்ட்ஸியின் டிரம்ஸை முதன்முறையாக முழுசாகக் கேட்டேன். சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

ஒரு காரியம் செய்திருந்தேன். முந்தாநாள் ராத்திரி இந்தக் கடைசிப் பகுதியின் இரண்டு பதிவுகளிலிருந்தும் ஒரே இடத்தை வெட்டி, எது எது என்று சொல்லாமல் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது, வாய்ஸ் மெசேஜ். “முதல்ல வாசிக்கிற பையனுக்குக் கையில ரொம்ப வேகம்டா, எங்க இடம் கிடைச்சாலும் ரொப்பிடறான், பயம், சும்மா இருந்தா ஊர் மறந்துடும்னு பயம். எனக்கும் இருந்துது அது. ரெண்டாவது பெரியவர் பாரு, விட்டு வாசிக்கறார். பாட்டை முன்னால போக விட்டு, பின்னாலேர்ந்து தாங்கறார். பாட்டுக்காராளோட ரொம்ப வருஷம் வாசிச்சவரா இருக்கணும். யாருடா ரெண்டு பேரும்? குருவும் சிஷ்யனுமா?”

ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் சித்தப்பா, நடுவில் முப்பத்தொன்பது வருடம், அதில் முக்கால்வாசி பாட்டுக்காரர்களுக்குப் பின்னால்தான் வாசித்தார் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

சாயங்காலம் போர்திகேரா வந்து சேர்ந்தேன். பனைபோலத் தெரியும் பேரீச்ச மரங்கள் நிறைந்த ஊர். இங்கிருந்துதான் குருத்தோலை ஞாயிறுக்கு வத்திக்கானுக்கு ஓலை போவது பழைய வழக்கம். 1884இல் ஓவியர் மோனே வந்து இந்த மரங்களை வரைய முடியாமல் தவித்து, வரைந்து குவித்துவிட்டுப் போனார்.

நாள் 6: சாந்த் அம்பேலியோ

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் சாந்த் அம்பேலியோ என்ற குட்டிக் கோயில். எகிப்திலிருந்து வந்த துறவி ஒருவர் பேரீச்ச விதையைக் கொண்டு வந்தார் என்று கதை. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். இரண்டு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊரில்தான் கோல்ட்ஸி 2015 ஆகஸ்ட்டில் இறந்தார். மாரடைப்பு, அறுபத்து மூன்று வயது. ஜரதுஸ்த்ராவை மறுபடி பதிவு செய்து மூன்று வருடம், அதற்கு அடுத்து 2013இல் ‘பார்பாரிகா’ என்று முற்றிலும் புதிய பாட்டுகளோடு ஒரு ஆல்பமும் கொண்டு வந்து இரண்டு வருடம். நான் பிடிவாதமாகக் கேட்காமல் இருந்த அந்த வருடங்களில் அவர் உயிரோடு இருந்தார், மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் போயிருக்கலாம். இதை நினைத்துக்கொண்டேதான் இந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜரதுஸ்த்ராவின் இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டுக்குப் பெயர் ‘நித்தியத் திரும்பலைப் பற்றி’. நடந்தது அத்தனையும் அப்படியே மறுபடி மறுபடி வரும் என்பது நீட்சேயின் எண்ணம், 1881இல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் அவருக்குத் தோன்றியது. 1973இல் ஒரு தடவை, 2012இல் ஒரு தடவை என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அப்படியே வரவில்லை. வந்தது வேறாகத்தான் வந்தது. நீட்சேயோடு சண்டை போட எனக்குத் தகுதி இல்லை, கேட்டதைச் சொல்கிறேன்.

பத்தரை மணிக்குச் சித்தப்பா நேரடியாகவே கூப்பிட்டார்.

“ஏண்டா, அந்தப் பெரியவரைப் பாத்தியா?”

இல்லை சித்தப்பா, அவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது அவர் ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

“சரி. ரெண்டாவதை முழுசா அனுப்பு. ஃபோன்ல வேண்டாம், நீ வாங்கிக் குடுத்தியே அந்தப் பெட்டில போட்டுக் கேக்கணும். முதலாவது அப்புறம் பாத்துக்கலாம்.”

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் கடலோர நடைபாதையில் நின்று அனுப்பினேன். சிக்னல் சுமார்தான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஜெனோவா ரயில் பன்னிரண்டு பத்துக்கு.